நீ செய்யாத போசனப்பிரியம்

அன்பு மகனே,

உன் செய்தி திங்கட்கிழமை காலையில் வந்தது. ஈஸ்டர் கழிந்து இரண்டாவது ஞாயிறு சென்னையில் பிள்ளைக்குப் புதுநன்மை என்று எழுதியிருந்தாய். கீழே, "நீங்க இந்தத் தடவ வரவேண்டாம்மா, கொஞ்ச நாள் போகட்டும்" என்று ஒரு வரி. என் ஒரே பேத்தி முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாளில் நான் தூத்துக்குடியிலேயே இருக்க வேண்டும் என்று என் மகன் சொல்கிறான். படித்த கையோடு உன்னைக் கூப்பிடத்தான் போனை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். போனில் என்றால் நான் பேசுவேன், நீ கேட்டுக்கொண்டிருப்பாய். நம் வீட்டில் எப்போதும் அப்படித்தான் நடந்திருக்கிறது. கடிதம் என்றால் எழுதியதை நானே திரும்பப் படிக்க வேண்டியிருக்கும், கூசுகிற இடத்தில் கூசும். இதை நான்கு முறை படித்துத் திருத்தியிருக்கிறேன். உன் முடிவை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை படிக்கும் பொறுமை உனக்கு இருக்கட்டும் என்பதற்காக.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மதியம் எல்லாருக்கும் சாளை மீன் குழம்பு பரிமாறினேன். உனக்கும் உன் மனைவிக்கும் நிறைய வைத்தேன். உடம்பு கனத்துவருகிறாள் என்று பிள்ளையின் பீங்கான் தட்டில் பாதி அளவு வைத்துவிட்டுச் சட்டியைக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது வயதில் அப்படி ஒன்றும் சொல்லாமல் இருக்க ஒரு பிள்ளைக்கு எங்கிருந்து தெரியும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. சாப்பிட்டு முடித்துத் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். சட்டி மூடியிருந்தது, அவள் தம்ளரோடு நின்றாள். "வாயத் திற" என்றேன். திறந்தாள். "ஊது" என்றேன். ஊதினாள். நான் குனிந்து மோந்து பார்த்தேன். நிமிர்ந்தபோது நீ வாசலில் நின்றாய்.

நீ சத்தம் போடவில்லை. "அவ என் பிள்ளம்மா. அவ வாய மோந்து பாக்காதீங்க" என்றாய். அவ்வளவுதான். பிள்ளை நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் ஒண்ணும் எடுக்கல பாட்டி" என்றாள். அந்த வாக்கியத்தை அதே ஏற்றத்தாழ்வோடு அதே குசினியில் முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் நான் கேட்டிருக்கிறேன். நீ சொன்னது அது. நான் நம்பவில்லை.

அன்று மதியமே பிள்ளை சற்று உறங்கிய பிறகு நீ வராந்தாவில் என் எதிரே வந்து உட்கார்ந்தாய். சண்டைக்கு வருகிறாய் என்று நினைத்து நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீயோ மாணவனிடம் பேசுவதுபோல் மெதுவாகப் பேசினாய். இத்தனை வருடமாக என் மகன் ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கியவன் என்று கோயிலில் பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் வரை சொல்லியிருக்கிறேன். எதைப் பற்றி ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால், ஏதோ மருந்து சம்பந்தமாக என்பேன். உன்னிடம் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். நீ ஆராய்வது கொழுப்பை. கொழுப்புச் செல்களின் மேல் இருந்து, வரும் ரசாயனத்தை அடையாளம் காணும் ஏற்பிகளை. பத்து வயதில் உன்மேல் நான் சுமத்திய குற்றத்துக்கு நாற்பத்தைந்து வயதிலும் நீ சாட்சி தேடிக்கொண்டிருக்கிறாய் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

"மணத்தையும் ருசியையும் மூக்கும் நாக்கும் மட்டும்தான் கண்டுபிடிக்கும்னு நெனைக்கோம்மா. அப்படியில்ல. குடல்ல, ஈரல்ல, கொழுப்புல எல்லாம் அந்த மாதிரி ஏற்பி இருக்கு. கொழுப்பு சும்மா கெடக்க மூட்டையில்ல. ரத்தத்துல என்ன ரசாயனம் வருதுன்னு தொட்டுப் பாத்துக்கிட்டே இருக்கும். அதப் பொறுத்துத்தான் சேத்து வைக்கதும் கரைக்கதும்" என்றாய். மீனில் உள்ள கொழுப்பை அடையாளம் காண ஓர் ஏற்பி, குடலில் நார் புளித்து உண்டாகும் அமிலத்தை அடையாளம் காண இன்னொன்று. மூக்கில் மணம் பிடிக்கும் ஏற்பிகளின் இனத்திலேயே சில, கொழுப்புக்குள்ளும் இருக்கின்றன. எல்லா உடம்பிலும் அவை ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. சிலருக்குப் பிறப்பிலேயே கூர்மை, சிலருக்கு வேறு மாதிரி. எலிகளில் பார்த்தது நிறைய, மனிதர்களில் இன்னும் முழுதாகத் தெரியவில்லை என்றும் சொன்னாய். தெரியாததைத் தெரியாது என்று நீ சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அந்த நிலையிலும் எனக்கு அது பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஆனாலும் நான் விடவில்லை. "அப்ப வாயைக் கட்டுறதுக்கு அர்த்தமே இல்லங்கியா?" என்று கேட்டேன். "அர்த்தம் உண்டும்மா. ஒரே அளவு எல்லாருக்கும் ஒரே பலன் தராது, அதத்தான் சொல்லுதேன். அவளுக்கு டாக்டர் இருக்காரு, சாப்பாட்டுக்கு ஆலோசனை சொல்ல ஆள் இருக்கு. மோந்து பாக்க ஒரு ஆள் வேண்டாம்" என்றாய். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். மறுநாள் இரவு ரயிலில் போக வேண்டியவர்கள் அன்று சாயங்காலமே கார் பிடித்துப் போய்விட்டீர்கள்.

நீ போன பிறகு அந்தச் சாளைக் குழம்பைப் பற்றியே பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா துறைமுகத்து இழுவைக் கப்பலை ஓட்டும் சாரங்காக இருந்தவர். நாளுக்கு நான்கு வேளை சாப்பிடுவார், ஒரு வேளைக்குப் பத்துச் சாளை போதாது, உடம்பு துடுப்பு மாதிரி இருக்கும். அதே சட்டியிலிருந்து உனக்கு மூன்று, எனக்கு இரண்டு. நீ ஊதிக்கொண்டே போனாய், நான் கல்யாணத்தன்று இருந்தபடியே இருந்தேன். ஒரே மீன் மூன்று உடம்புக்குள் போய் மூன்று விதமாகப் படிக்கப்பட்டிருக்கிறது. இந்த எழுபத்தாறு வயதிலும் என் கல்யாண ரவிக்கை எனக்குப் பொருந்தும். அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். என் கட்டுப்பாட்டுக்கு ஆண்டவர் கொடுத்த பரிசு என்று நினைத்திருந்தேன். நான் சம்பாதிக்காத ஒன்றைப் புண்ணியமாக நினைத்துக்கொண்டு, நீ செய்யாத ஒன்றுக்கு உன்னைத் தண்டித்திருக்கிறேன்.

ஏன் அப்படி இருந்தேன் என்பதற்குக் காரணம் ஒன்று உண்டு, மன்னிக்க அது போதாது. என் அப்பா கனத்த மனிதர். நான் படித்த கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்துக்கு அவர் என்னை அழைக்க வரும்போது பிள்ளைகள் "ஏளா, ஒங்க தோணி வருது" என்பார்கள். அழுதுகொண்டே அவருக்கு முன்னால் வேகமாக நடப்பேன், அவர் மூச்சு வாங்கப் பின்னால் வருவார். என் பிள்ளை ஒருநாளும் அப்படி ஆகக்கூடாது என்று அந்தத் தெருவில்தான் முடிவு செய்தேன். ராத்திரி என் அப்பா ஒரு கோப்பைக் கஞ்சிக்கு மேல் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. என் கண்ணால் தினமும் பார்த்தேன். ஆனாலும் எங்கேயோ ஒளித்துவைத்துத் தின்கிறார் என்றே நம்பினேன். உன்னை மட்டும் அல்ல, அவரையும் நான் நம்பவில்லை.

இனி நான் எழுதப்போவது உனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் என் வாயால் நீ கேட்டதில்லை.

உனக்குப் பத்து வயது. சனிக்கிழமைதோறும் உன்னைச் சங்கு மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே மூட்டை நிறுக்கிற பெரிய தராசு இருந்தது. கிட்டங்கி அண்ணாச்சி உன் அப்பாவுக்கு வேண்டியவர் என்பதால் ஒன்றும் சொல்லமாட்டார். நீ செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டின்மேல் ஏறி நிற்பாய், சங்கு மூட்டையின் வாடை உன் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் படிக்கல் வைத்துக்கொண்டிருந்த ஆள், "எக்கா, இதுக்கு மேல கல்லு இல்ல. ரெண்டு சங்கு மூட்டையத் தூக்கி அந்தப் பக்கம் வச்சிரட்டா?" என்றான். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். நானும் சிரித்தேன். அவர்கள் பக்கம் இருப்பவள் நான், இந்த உடம்புக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று காட்டுவதற்காகச் சிரித்தேன். மகனே, அந்தச் சிரிப்பை நீ மறந்திருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதன் பிறகு தராசில் ஏறினால் நீ என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாய். பத்துப் பேருக்கு முன்னால் செய்ததை நான்கு சுவருக்குள் மன்னிப்புக் கேட்டு முடித்துக்கொள்ளக் கூடாது. அதனால் இந்தக் கடிதத்தைப் பெயர்கள் இல்லாமல் நம் பங்குக் கோயில் இதழில் போடக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். முதலில் உனக்கு அனுப்புகிறேன். நீ வேண்டாம் என்றால் கொடுக்கமாட்டேன்.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் வந்தபோது எனக்கு அந்த யோசனை தோன்றியது. பெரியவர்கள் ஒருசந்தி இருக்கிறோமே, மதியம் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு நாற்பது நாளைக் கழிக்கிறோமே, உன்னையும் இருக்கச் சொன்னால் என்ன என்று. சிறுபிள்ளைகளுக்கு ஒருசந்தி கிடையாது என்று சாமியார் பிரசங்கத்திலேயே சொன்னார். சட்டம் விலக்குத் தருகிறது, தடுக்கவில்லை என்று நான் எனக்குள் வாதாடி வென்றேன். வேறொரு தாயாக இருந்தால் பட்டினி போடுகிறோமே என்று மனம் உறுத்தியிருக்கும். எனக்கு உறுத்தவில்லை, ஏனென்றால் அதற்கு நான் தபசு என்று பெயர் வைத்திருந்தேன். சாயங்காலம் நீ பள்ளியிலிருந்து வந்தால் ஒரு தம்ளர் கருப்பட்டி போடாத காப்பி. உன் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஏளா, பிள்ள என்னவிடக் கம்மியாத்தான் திங்கான், என் கண்ணு பொய் சொல்லாது. விட்டுரு" என்றார். "கப்பல நீங்க பாத்துக்கோங்க, வீட்ட நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் ஒப்புக்கொண்டுவிட்டதாக நினைத்தேன். அவர் இறந்து எட்டு வருடம் ஆகிறது. அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்க ஆள் இல்லை.

முதல் இரண்டு வாரம் தராசில் கொஞ்சம் இறங்கினாய். பிறகு நின்றுவிட்டது. சாப்பாடு அதே ஒரு வேளைதான், எடை இறங்கவில்லை. எனக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தெரிந்தது: திருடுகிறாய். சாப்பாட்டு அலமாரிக்குப் பூட்டுப் போட்டேன். பள்ளிப் பையைக் கவிழ்த்துத் தேடினேன். அப்போதுதான் உன் வாயை மோந்து பார்க்கத் தொடங்கினேன், தினமும், நீ வாசல்படி ஏறியதும். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப் பாதை வழிபாட்டின்போது ஒன்பதாம் தலத்துக்கு முழங்காலிட்ட நீ எழவில்லை, அப்படியே சாய்ந்துவிட்டாய். மோர் கொடுத்துத் தெளியவைத்தார்கள். வீட்டுக்கு வந்து, நடிக்கிறாய் என்று சொன்னேன்.

எடை இறங்காமல் நின்றதற்கு இந்த வராந்தாவில் நீ சொன்ன விளக்கத்தை நான் பலமுறை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீதான் திருத்த வேண்டும். பட்டினி தொடரும்போது உடம்பு கொழுப்பைக் கரைக்கிறது. கரைந்ததிலிருந்து ஈரல் ஒரு பொருளைச் செய்து ரத்தத்தில் அனுப்புகிறது. கொழுப்புச் செல்லின் மேல் அந்தப் பொருளுக்கென்றே ஓர் ஏற்பி காத்திருக்கிறது. அது வந்து தொட்டதும், வெளியே பஞ்சம் என்று அந்தச் செல் அறிந்துகொண்டு கரைவதை மெதுவாக்குகிறது. இருக்கிற கொழுப்பு சீக்கிரம் தீர்ந்து உயிர் போய்விடக் கூடாது என்பதற்காக. உன் எடை நின்றதற்கு இது ஒன்றே காரணமாக இருக்காது, பத்து வயதுப் பிள்ளை வளரவும் செய்வான் என்று நீ எச்சரித்தாய். அது சரி. ஆனால் எனக்கு இந்த ஒன்றைத் தாண்ட முடியவில்லை. நீ பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருக்கையில் உன் உடம்பு உனக்குத் தெரியாமல் உன்னை என்னிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதைத்தான் நான் திருட்டு என்றேன்.

பெரிய வாரம் வந்தது. ஈஸ்டருக்கு முன் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். வரிசையில் நிற்கும்போது, "தலையான பாவங்கள்ல அஞ்சாவது என்ன?" என்று கேட்டேன். "போசனப்பிரியம்" என்றாய். ஞானோபதேச வகுப்பில் பெருந்தீனிக்கு அந்தப் பெயரைத்தான் மனப்பாடம் செய்திருந்தாய். "அதச் சொல்லு" என்றேன்.

"நான் ஒண்ணும் திங்கலியேம்மா."

"ஆண்டவருக்குத் தெரியும். சொல்லு."

"திங்காதத தின்னேன்னு சொன்னா அது பொய்யில்லையா?"

"எதுத்துப் பேசாத. உன் முறை வந்துட்டு, போ."

நீ போனாய். முழங்காலிட்டிருந்த உன் பாதங்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. உள்ளே என்ன நடந்தது என்று கிறிஸ்துமஸ் வரை எனக்குத் தெரியாது. போகும் அவசரத்தில், பெட்டியைத் தூக்கிக்கொண்டே சொன்னாய். சாமியார் எதைத் திருடித் தின்றாய் என்று கேட்டாராம். உனக்கு ஒன்றும் தோன்றவில்லையாம். கருப்பட்டி என்று சொன்னாயாம். மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னாராம். "பாவசங்கீர்த்தனத்துல பொய் சொன்னா மன்னிப்பு கெடைக்காதுன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்திருக்கீங்க. மறுநா நற்கருணையும் வாங்கினேன். நான் நரகத்துக்குத்தான் போவேன்னு ரொம்ப வருசம் நெனச்சுக்கிட்டிருந்தேம்மா" என்றாய். நீ கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதை நிறுத்தியதற்குச் சென்னையைக் குறை சொல்லியிருக்கிறேன், உன் படிப்பைக் குறை சொல்லியிருக்கிறேன், பாவம், உன் மனைவியைக்கூடக் குறை சொல்லியிருக்கிறேன்.

இதை நான் இப்போதிருக்கும் சாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. சாம்பல் புதனன்று பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அவர் நல்லவர், சின்ன வயது, கிழவியைப் பார்த்து இரக்கப்பட்டு உடனே மன்னித்து அனுப்பிவிடுவார். முதலில் கேட்க வேண்டியது உன்னிடம். நீ மன்னிக்கிறாயா என்று நான் கேட்கவும் இல்லை. நான் செய்தது இன்னது என்று உன்னிடம் சொல்லிவிட்டேன். உன் மனதில் என்ன இருக்கிறதோ அது உன்னோடு இருக்கட்டும்.

தாய் என்பதால் இரண்டு வார்த்தை சொல்ல இன்னும் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். நீ பிள்ளையிடம் இந்த ஏற்பிகளைப் பற்றிப் பேசும்போது கவனமாகப் பேசு. கெட்டுப்போன பொருள் ஒன்று தனக்குள் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிவிடக் கூடாது. நான் அவள் உடம்பில் பாவத்தைத் தேடினேன், நீ காரணத்தைத் தேடுகிறாய். உன்னுடையது எவ்வளவோ மேல். ஆனாலும் இரண்டு பேருமே அவளைத் தேடுகிற கண்ணோடுதான் பார்க்கிறோம். சாப்பாட்டு மேசையில் உட்காரும்போது ஆராய்ச்சியை எழுந்து போகச் சொல். இன்னொன்று: உன் மனைவி பேசாமல் இருந்தால் அது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. கேட்டுவிடு.

இனி, நான் இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணம். நேற்று உன் மனைவி வீடியோவில் கூப்பிட்டாள். புதுநன்மைக்கு எடுத்த வெள்ளைக் கவுனைக் காட்டச் சொல்லிப் பிள்ளையிடம் போனைக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். பிள்ளை கவுனைக் காட்டவில்லை. போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெதுவாக, "பாட்டி, நான் குண்டா இருக்கேன்னுதான் நீங்க வரலியா?" என்று கேட்டாள்.

எத்தனையோ பேருக்குப் பதில் சொன்னவள் நான். அவளிடம், "பாட்டிக்கு உடம்பு முடியலம்மா" என்றேன். அது பொய், அவளுக்கும் அது தெரிந்தது. "சரி பாட்டி" என்று சொல்லிவிட்டு அவள் கவுனை எடுத்துக் காட்டினாள். நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னேனா என்பதுகூட எனக்கு இப்போது நினைவில்லை.

நான் வரமாட்டேன், மகனே. நீ எப்போது வரலாம் என்கிறாயோ அப்போது வருகிறேன், சொல்லவே இல்லையென்றாலும் ஏன் என்று கேட்கமாட்டேன். ஒன்றை மட்டும் செய். புதுநன்மைக்கு முந்தைய நாள் அவள் முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவாள். அதற்கு முன் அவளை உட்காரவைத்துச் சொல். பாட்டி உன் வாயை மோந்து பார்த்தது தப்பு, அதனால்தான் அப்பா பாட்டியை வரவேண்டாம் என்று சொன்னேன், உன்னால் இல்லை என்று சொல். என்னைக் காப்பாற்றும்படி எதையும் மழுப்பிச் சொல்லாதே. நான் சொன்னால் நம்பமாட்டாள், அந்த உரிமையை நான் இழந்துவிட்டேன். நீ சொன்னால் நம்புவாள். அவள் அந்தப் பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்காலிடும்போது, பாட்டி வராததைத் தன்னுடைய பாவமாக நினைத்துக்கொண்டு அங்கே சொல்லக் கூடாது.

அம்மா